பாடமும் பயனும்



ஆண்டுக்கொரு முறை ஒருவர் வந்து, வகுப்பறைக்குள் நாள்தோறும் நடக்கும் காரியங்களைப் பற்றிப் பேசவேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவு அறக்கட்டளையை நிறுவியோரின் விருப்பம். கல்வியின் இலட்சியம் யாது, தேச நிர்மாணத்தில் அதன் பங்கு யாது என்பன போன்ற பெரும் பொருள்களைப் பேசுவதற்கு மேடைகள் பல உள்ளன. ஒரு பாடவேளையின் நாற்பது நிமிஷத்தை ஓர் உபாத்தியாயர் எங்கிருந்து திட்டமிடத் தொடங்குகிறார் என்னும் சிறிய பொருளைப் பேசுவதற்குத்தான் மேடை கிடைப்பதில்லை. ஆகவே அந்தச் சிறிய பொருளையே இன்று எடுத்துக்கொண்டேன்.

பாடக் குறிப்பு எழுதாத ஆசிரியர் நம் நாட்டில் இல்லை. தலைமையாசிரியரின் சுருக்கொப்பத்துக்காகவேனும் அது எழுதப்படுகிறது. அதைப் புரட்டிப் பார்த்தால், பாடத்தின் பெயர், பக்க எண், துணைக்கருவி, அறிமுக வினாக்கள் இரண்டு, விளக்கம், கரும்பலகைச் சுருக்கம், வீட்டுவேலை என்று ஆசிரியர் செய்யப்போகும் காரியங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அந்தப் பாடம் முடிந்த பின் மாணவன் எதைச் செய்ய வல்லவனாக இருப்பான் என்பதற்கும் ஓர் இடம் தலைப்பில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது பழைய கடிதங்களின் தலையில் இட்ட பிள்ளையார் சுழியைப்போல, இட்டாயிற்று என்ற திருப்தியைத் தருவதோடு சரி, கீழே எழுதப்படும் சமாசாரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதில்லை. பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் ‘மாணவர் நினைவு கூர்வர், இனங்காண்பர், வேறுபடுத்துவர்’ என்று மூத்த மாணவரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதிய கை, பள்ளிக்கு வந்த பிறகும் அதையே எழுதிக்கொண்டிருக்கிறது.

பயனை முதலில் வைத்துப் பேசவேண்டும் என்ற எண்ணம் தமிழ் மரபுக்கு அந்நியமானதன்று. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எழுதுவோர் ஆக்கியோன் பெயர் தொடங்கி எட்டுச் செய்திகளைச் சொல்லவேண்டும் என்று நன்னூல் விதிக்கிறது. அவ்வெட்டில் இந்நூலைக் கேட்பதற்கு உரியவர் யார் என்பது ஒன்று, கேட்பதனால் வரும் பயன் யாது என்பது மற்றொன்று. வடமொழிச் சாஸ்திரக்காரர்களும் விஷயம், பிரயோஜனம், சம்பந்தம், அதிகாரி என்னும் நான்கையும் தொடக்கத்திலேயே அறுதியிட்டுக்கொள்வர். நன்னூலை இயற்றிய பவணந்தியார் இன்னும் ஒருபடி மேலே போகிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது புலமையில் காற்பங்குதான் என்றும், உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கும், தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் அவர் கணக்கிட்டிருக்கிறார். இந்தக் கணக்கை மெய்யென்று ஒப்புக்கொள்ளும் ஆசிரியர், தாம் பேசப்போவதை மட்டுமே எழுதிய பாடக் குறிப்பைத் தம்முடைய திட்டத்தின் கால் பகுதி என்றுதான் சொல்லிக்கொள்ள முடியும். இதனால், பயனிலிருந்து பாடத்தை வகுக்க அமெரிக்கர் கண்ட முறை எட்டு நூற்றாண்டுக்கு முன்பே நம்மிடம் இருந்தது என்று சொல்ல வருகிறேன் என யாரும் கருதிவிட வேண்டா. அத்தகைய பெருமைப் பேச்சில் எனக்கு ருசியில்லை. சொன்னது வேறு, கேட்டவனுக்குச் சேர்ந்தது வேறு என்ற தெளிவு நம் இலக்கண ஆசிரியருக்கு இருந்தது என்பதைமட்டும் நினைவூட்டிக்கொண்டு மேலே செல்கிறேன்.

நமது பாடக் குறிப்பின் வடிவம் ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்து வழியாக வந்து சேர்ந்தது. ஹெர்பார்ட் என்னும் தத்துவாசிரியர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கற்பித்தலின் படிகளைப் பற்றிச் சொன்னதை, அவருடைய சீடர்களான ஸில்லர், ரைன் முதலியோர் ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமை காணல், பயன்படுத்தல் என ஐந்து படிகளாக்கினர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் பயிற்சிக் கல்லூரிகள் இப்படிகளை மந்திரம்போல் ஓதி வந்தன. அவற்றில் பிழை யாதும் இல்லை. ஆனால் ஐந்தும் ஆசிரியர் நடந்து செல்லும் படிகளே. நடந்து எங்கே போய்ச் சேர்வது என்பதையும், மாணவன் வந்து சேர்ந்தானா என்பதை எதைக்கொண்டு அறிவது என்பதையும் அவை கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைப் பிடிவாதமாகக் கேட்டவர்களில் முதல்வராக அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலரைச் சொல்லவேண்டும். 1929இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்த அவருக்கு, அங்கிருந்த துறைகளின் தேர்வுகளைச் சீர்செய்து தரும் பணியும் இருந்தது. விலங்கியல் துறையார் தம் பாடத்தின் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்லிக்கொண்டது, மாணவன் தனக்குப் புதிதான ஒரு சோதனையின் முடிவைப் பார்த்து அதிலிருந்து தக்க அனுமானத்தைத் தானே செய்யவேண்டும் என்பது. அவர்களுடைய வினாத்தாளோ உறுப்புக்களின் பெயர்களையும் வரையறைகளையும் ஒப்பிக்கச் சொல்லிற்று. பெயர்களை நன்றாக அறிந்தவன் அனுமானத்திலும் வல்லவனாக இருப்பான் என்று அவர்கள் நம்பியிருந்தனர். டைலர் வாதம் செய்யவில்லை. அனுமானிக்கும் ஆற்றல் மாணவனிடம் இருக்கிறது என்றால் அவன் என்ன செய்யும்போது அது உங்கள் கண்ணுக்குத் தெரியும் என்று கேட்டு, அதற்கேற்ற வினாக்களை அவர்களைக்கொண்டே அமைக்கச் செய்து, இரண்டு வகை வினாக்களையும் அதே மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றில் வல்லவன் மற்றொன்றிலும் வல்லவனாக இருப்பான் என்பதற்கு நிச்சயம் இல்லை என்பது அப்போது தெரிந்தது. ஓராண்டு கழித்து மறுபடி சோதித்தபோது மனப்பாடம் செய்த பெயர்களில் பெரும்பகுதி மறந்துபோயிருக்க, புதிய செய்தியை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் ஏறக்குறைய முழுமையாக எஞ்சியிருந்தது என்பது அதனினும் முக்கியமான கண்டுபிடிப்பு. பாடுபட்டுக் கற்பித்தது கரைந்து போகிறது, கற்பித்தோமா என்றே சோதித்துப் பாராதது நிலைத்து நிற்கிறது என்றால், பாடத்திட்டம் வகுப்பவன் தூக்கமிழக்க வேண்டாமா?

1933 முதல் 1941 வரை முப்பது உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த எட்டாண்டு ஆய்வில் மதிப்பீட்டுப் பணியை டைலர் ஏற்றுக்கொண்டார். அந்த அனுபவத்தின் சாரமாக, சிகாகோ பல்கலைக்கழகத்தில் தாம் நடத்திய பாடத்துக்கென எழுதிய குறிப்புக்களை 1949இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அந்நூல் முழுதும் நான்கே வினாக்கள்: பள்ளி அடைய விரும்பும் நோக்கங்கள் யாவை, அவற்றை அடைவதற்கு மாணவருக்கு எத்தகைய அனுபவங்கள் வேண்டும், அவ்வனுபவங்களை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது, நோக்கம் கைகூடிற்றா என்பதை எவ்வாறு அறிவது. அவரிடம் பயின்ற பெஞ்சமின் புளூம் 1956இல் தம் நண்பர் குழுவோடு அறிவுத்துறை நோக்கங்களை ஆறு நிலைகளாக வகுத்துத் தந்தார். அடுத்த ஆண்டே இந்தியாவுக்கு வந்து தேர்வுச் சீர்திருத்தம் குறித்த பயிலரங்குகளை நடத்தினார். அறிவு இவ்வளவு, புரிதல் இவ்வளவு, பயன்பாடு இவ்வளவு, திறன் இவ்வளவு எனச் சதவீதம் போட்டு வினாத்தாளுக்குத் திட்ட வரைவு தயாரிக்கும் வழக்கம் நம்மிடையே அதன்பின் வேரூன்றியது. சதவீதம் தங்கிவிட்டது, சதவீதம் எதற்காக என்ற விசாரணை தங்கவில்லை.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் 1998இல் வருகிறது. கிராண்ட் விக்கின்ஸ், ஜே மக்டை என்னும் இருவர் அவ்வாண்டு வெளியிட்ட நூலில், பாடத்தைப் பின்னிருந்து முன்னாக வகுக்கவேண்டும் என்று சொல்லி, டைலரின் வினாக்களை மூன்று கட்டங்களாகச் சுருக்கியதோடு வரிசையையும் மாற்றினர். விரும்பும் விளைவு யாது என்பது முதற் கட்டம்; அது விளைந்ததற்கு எதைச் சான்றாக ஏற்பது என்பது இரண்டாவது; பாடவேளையில் என்ன செய்வது என்பது மூன்றாவது. டைலரிடம் நான்காம் இடத்தில் இருந்த வினா இவர்களிடம் இரண்டாம் இடத்துக்கு ஏறிவிட்டது. இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் பயனை முதலில் எழுதுவது எவர்க்கும் எளிது. அழகான சொற்களை அடுக்கினால் போதும். ‘மாணவர் சுற்றுச்சூழலின் அருமையை உணர்வர்’ என்று எழுதிய ஆசிரியரை, உணர்ந்தான் என்பதை எதைக்கொண்டு ஒப்புக்கொள்வீர் என்று உடனே கேட்டால்தான் அந்த வாக்கியத்துக்குள் ஏதாவது இருக்கிறதா என்பது அவருக்கே தெரியவரும். சான்றைப் பற்றிய வினா பயனை வகுத்த கையோடு வரவேண்டும். எல்லாம் நடந்து முடிந்த பிறகு வந்தால், நடந்ததற்கு ஏற்பச் சான்றை வளைத்துக்கொள்வதே மனித இயற்கை.

திட்டமிடுவதில் நேரும் பாவங்கள் இரண்டு என்று அவ்விருவரும் சொல்கின்றனர். முதலாவது, கை ஓயாமல் வேலை நடக்கும், மனத்துக்கு வேலை இராது. மூன்றாம் வகுப்பில் ஆப்பிள் பழத்தை ஒட்டி இரண்டு வாரம் நடக்கும் ஒரு பாடத்தை அவர்கள் எடுத்துக்காட்டாகத் தருகின்றனர்: ஆப்பிளைப் பற்றிக் கதை, பாட்டு, இலைகளை ஒட்டிப் படம், தோட்டத்துக்கு உலா, பழக்கூழ் காய்ச்சுதல் எனக் குழந்தைகள் குதூகலமாகவே இருக்கின்றனர், முடிவில் எதைக் கற்றனர் என்றுமட்டும் கேட்கக் கூடாது. நம் பள்ளிகளில் தெர்மோகோலில் செய்து அலமாரியின் மேல் தூசு படியும் மாதிரிகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இரண்டாவது பாவத்தை நாம் ‘போர்ஷன் முடிப்பது’ என்கிறோம். ஜனவரிக்குள் போர்ஷன் முடிந்ததா, ரிவிஷன் ஆரம்பித்தாயிற்றா என்று ஆசிரியர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது பள்ளிக்கூட வராந்தாவில் குசலம் விசாரிப்பதற்கு ஒப்பாகிவிட்டது. முடிந்தது புத்தகமா, பிள்ளைகளின் கற்றலா என்று திருப்பிக் கேட்பவரைச் சக ஆசிரியர்கள் விரும்புவதில்லை.

இந்த இடத்தில், சபையிலிருக்கும் அனுபவசாலிகள் ஓர் ஆட்சேபத்தை மனத்துக்குள் சொல்லிக்கொள்வது எனக்குக் கேட்கிறது. முடிவிலிருந்து தொடங்குவதை எங்களுக்கா கற்பிக்கிறீர்? பொதுத்தேர்வு வினாத்தாளை முன்னே வைத்துக்கொண்டு, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண், எது கட்டாய வினா, எது விடக்கூடியது என்று கணக்கிட்டு, ஒரு மதிப்பெண் வினாக்களில் சலிக்கச் சலிக்க ஸ்லிப் டெஸ்ட் வைத்து, ஆண்டு முழுவதையும் பின்னிருந்து முன்னாக நடத்துகிறவர்கள் எங்களை விட்டால் உலகில் யார் இருக்கிறார்கள்? ஆட்சேபம் நியாயமானது, அதனாலேயே அதற்கு விரிவாகப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. முடிவு என்று எதைக் கொள்கிறோமோ அதற்கேற்பத்தான் பின்னோக்கி வகுக்கும் முறையின் குணமும் அமையும். உயர்கல்விச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே முடிவு என்று கொண்ட காலத்தில், பதினோராம் வகுப்புப் பாடத்தைப் பெயரளவில் தொட்டுவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்திய பள்ளிகள் நம் மாநிலத்தில் பல இருந்தன. 2017-18ஆம் ஆண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். பின்னோக்கி வகுப்பதில் அப்பள்ளிக்காரர்கள் சமர்த்தர்களே. அவர்கள் வகுத்தது மதிப்பெண்ணிலிருந்து, புரிதலிலிருந்தன்று.

தேர்வு என்பது சான்று, பயன் அன்று. சான்றையே பயனாக எடுத்துக்கொண்டால் அது சான்றாகவும் நிற்பதில்லை. பின்பயிற்சி வினாவுக்கு எழுதிப்போட்ட விடையைப் பத்து முறை எழுதிப் பழகியவன் பதினோராம் முறை தேர்வுத் தாளில் எழுதுகிறான் என்றால், அவனுக்கு நினைவாற்றலும் பொறுமையும் இருக்கின்றன என்பதற்கு அது சான்றாகுமே ஒழிய, பாடம் விளங்கிற்று என்பதற்குச் சான்றாகாது. மாணாக்கரை வகைப்படுத்தும் நன்னூலார், சொன்னதைச் சொல்லும் கிளியை இடைநிலையில் வைத்தார். நம்முடைய தேர்வு முறை அதற்கு முதலிடம் கொடுத்து நாளிதழில் படமும் போட்டுவிட்டது.

பொதுவாகப் பேசிக்கொண்டே போவது சொற்பொழிவாளருக்குச் சுகம், கேட்போருக்கு அன்று. ஐந்து, ஆறாம் வகுப்புக்களில் வரும் சுற்றளவு, பரப்பளவு என்ற கணக்குப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வழக்கமான முறையில், நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் சுற்றளவு, நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பளவு என்று இரண்டு சூத்திரங்களும் முதல் நாளே கரும்பலகையில் ஏறிவிடும். பிறகு இருபது கணக்குகள். பிள்ளைகள் சரியாகவே போடுவார்கள், ஏனென்றால் ‘சுற்றளவு காண்க’ என்றோ ‘பரப்பளவு காண்க’ என்றோ கணக்கே சொல்லிவிடுகிறது. தோட்டத்துக்கு வேலி போட எவ்வளவு கம்பி வேண்டும், கூடத்துக்கு எத்தனை ஓடு பதிக்கவேண்டும் என்று அந்தச் சொற்கள் இல்லாமல் கேட்டால், எந்தச் சூத்திரம் சார் என்ற கேள்வி வரும்.

பயனிலிருந்து தொடங்கும் ஆசிரியை தமக்குள் கேட்டுக்கொள்வது வேறு. இந்தப் பாடத்தின் சூத்திரம் மறந்துபோன பிறகும் மாணவன் என்ன செய்யக்கூடியவனாக இருக்கவேண்டும்? ஒரு தேவையைக் கேட்டதும், இங்கே வேண்டியது ஓரமா, உட்பரப்பா என்பதைத் தானே தீர்மானிக்கவேண்டும். ஓரம் ஒன்றாயிருந்தால் உட்பரப்பும் ஒன்றாயிருக்கும் என்று ஏமாறாதிருக்கவேண்டும். இதை எழுதிவிட்டு உடனே அவர் பாடத்துக்குப் போவதில்லை. இது கைவந்தது என்பதற்கு எந்த வினா சான்றாகும் என்று யோசிக்கிறார். யோசித்து இப்படி ஒரு வினாவை எழுதி வைக்கிறார்: உன்னிடம் 24 மீட்டர் வேலி இருக்கிறது, முழுவதையும் பயன்படுத்திச் செவ்வகமாக ஒரு கீரைத் தோட்டம் அடைக்கவேண்டும், பக்கங்கள் முழு மீட்டர்களாக இருக்கட்டும், எத்தனை விதமாக அடைக்கலாம், எதில் அதிகக் கீரை விதைக்கலாம், ஏன்?

பதினொன்றுக்கு ஒன்று, பத்துக்கு இரண்டு, ஒன்பதுக்கு மூன்று, எட்டுக்கு நான்கு, ஏழுக்கு ஐந்து, ஆறுக்கு ஆறு என ஆறு விதம். வேலி ஒன்றே, தோட்டமோ 11 சதுர மீட்டரிலிருந்து 36 சதுர மீட்டர் வரை வளர்கிறது. ‘வேலி ஒன்றுதானே, எல்லாத் தோட்டமும் ஒன்றுதான்’ என்று எழுதும் பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். அது சூத்திரம் இரண்டையும் பிழையின்றி ஒப்பிக்கும் பிள்ளையாகவும் இருக்கலாம். ஆறுக்கு ஆறு என்பது சதுரமாயிற்றே, செவ்வகம் கேட்டீர்களே என்று அதை விட்டுவிடும் பிள்ளையும் உண்டு. அதன் குறை வேறு, அதற்கு வேண்டிய மருந்தும் வேறு. இத்தகைய தவறுகளை முன்கூட்டியே எதிர்பார்த்து எழுதி வைத்துக்கொள்வதுதான் இந்த முறையில் எனக்குப் பெரிதாகத் தோன்றும் விசேஷம். ஏனென்றால், சான்று வினா கையில் வந்த பிறகு பாடவேளைகள் தாமாகவே உருக்கொள்ளத் தொடங்குகின்றன. முதல் நாள், 24 சென்டிமீட்டர் நூலை முடிச்சிட்டு, சென்டிமீட்டர் கட்டமிட்ட தாளின்மேல் செவ்வகமாக வளைத்து, உள்ளே அகப்படும் கட்டங்களை எண்ணவேண்டும். எண்ணி எண்ணிச் சலித்த பிள்ளை பெருக்கலைத் தானே கண்டுபிடிக்கும். அடுத்த நாள் 36 ஓடுகளைக் கொண்டு எதிர்ப்புறமிருந்து வரவேண்டும்: ஆறுக்கு ஆறாக அடுக்கினால் சுற்றளவு 24, ஒன்பதுக்கு நான்காக அடுக்கினால் 26, பதினெட்டுக்கு இரண்டாக அடுக்கினால் 40. சூத்திரம் மூன்றாம் நாள் வந்தால் போதும். அதற்குள் அது பிள்ளைகளுக்குத் தெரிந்த சமாசாரமாகிவிட்டிருக்கும். வண்ண அட்டையும், சுற்றளவைப் பற்றிய பாட்டும், இருபது கணக்குகளில் பதினைந்தும் இந்தத் திட்டத்தில் இடம்பெறாமல் விழுந்துவிடுகின்றன. நேரம் போதவில்லை என்று புலம்புவோர் கவனிக்கவேண்டிய இடம் இது.

ஒரு நிபந்தனையை மறக்கலாகாது. கீரைத் தோட்டக் கணக்கை முந்தைய நாள் கரும்பலகையில் போட்டுக் காட்டிவிட்டால் கதை முடிந்தது. அதன்பின் அது வெறும் மனப்பாட வினாதான்.

இவ்வளவும் சொன்னபின், இந்த முறை எங்கும் செல்லும் என்று நான் கருதுவதாக நினைக்கவேண்டா. அமெரிக்கரான எலியட் ஐஸ்னர், கலைகளைக் கற்பிப்பதில் விளைவை முன்கூட்டியே வரையறுப்பது உதவியா இடையூறா என்று 1960களிலேயே கேட்டார். இங்கிலாந்தின் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் எழுதிய நூலில், அறிவுலகத்துக்குள் மாணவனை உண்மையாகவே அழைத்துச் சென்றுவிட்டால் அவன் எங்கே போய்ச் சேர்வான் என்பதை ஆசிரியரால் முன்னறிந்து சொல்ல இயலாது, அப்படிச் சொல்ல இயலாமற்போவதே அந்தக் கல்வியின் வெற்றி என்ற கருத்தை வலியுறுத்தினார். இவர்கள் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு சங்கப் பாட்டை வாசித்து முடித்த வகுப்பில் இருக்கும் நாற்பது பேரும் ஒன்றையே உணரவேண்டும் என்று திட்டம் போடுகிறவர் பாட்டையும் அறியார், பிள்ளைகளையும் அறியார். அங்கே ஆசிரியர் வகுக்கவேண்டியது பாட்டோடு பிள்ளைக்கு நேரும் சந்திப்பை. அதன் விளைவை அன்று. எனினும், விளைவை வரையறுக்க இயலாது என்ற காரணத்தைச் சொல்லிக்கொண்டு, அடிபிறழாமல் எழுதுவதையே செய்யுட் பாடத்தின் ஒரே விளைவாக வைத்திருக்கும் நமக்கு ஸ்டென்ஹவுஸைத் துணைக்கழைக்கும் அருகதை கிடையாது.

கணக்கிலும் இந்த எல்லை உண்டு. அந்தக் கீரைத் தோட்ட வகுப்பில், வட்டமாக வேலி போட்டால் என்ன டீச்சர் என்று ஒரு பெண் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தின் பரப்பு அந்த வகுப்புப் பாடத்தில் இல்லை. விளைவுகளின் பட்டியலிலும் இல்லை. ஆனால் அதே நூலை வட்டமாக வளைத்துக் கட்டங்களை எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய 46 வரும். ஆறுக்கு ஆறான சதுரத்தையும் அது வென்றுவிடும். திட்டத்தை மூடி வைத்துவிட்டு அந்த நூலை அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கத் தெரியாத ஆசிரியருக்குத் திட்டம் எழுதத் தெரிந்து என்ன பிரயோஜனம்?

நம் நாட்டில் இந்த எண்ணம் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. 1991இல் குறைந்தபட்சக் கற்றல் அடைவுகள் என்ற பெயரில் தொடக்க வகுப்புக்களுக்கு எண்ணிட்ட திறன்களின் பட்டியல் ஒன்று வந்தது. 2017இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு கற்றல் விளைவுகளை வகுப்பு வாரியாக வெளியிட்டது. அவ்வாண்டே கல்வி உரிமைச் சட்ட விதிகளிலும் அவை இடம்பெற்றன. தமிழ்நாட்டில் 2022 முதல் நடந்துவரும் எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடத்தைத் தருகிறது. இவற்றுள் பின்னிரண்டுக்கும் முன்னோடியாக நான் மதிப்பது, ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான முறையைத் தழுவி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலை. சுவரைச் சுற்றிக் குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. பாயில் பிள்ளைகளோடு சமமாக உட்கார்ந்திருக்கும் ஆசிரியை. ஏணி போன்ற அட்டவணையில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைத் தானே பார்த்து அடுத்த அட்டையை எடுத்துவரும் குழந்தை. ஒவ்வொரு மைல்கல்லின் முடிவிலும் மதிப்பீட்டு அட்டை ஒன்று இருந்தது. தேர்வு நாள் என்று தனியாக ஒன்று இல்லாமல், அவரவர் வந்து சேர்ந்த அன்று அவரவர் சான்றைத் தந்துவிட்டுப் போனார்கள். விக்கின்ஸையும் மக்டையையும் படித்தறியாத எத்தனையோ தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் அவர்களுடைய இரண்டாம் கட்டத்தை அந்தப் பாயில் உட்கார்ந்து நடத்திக் காட்டினார்கள்.

செயல்வழிக் கற்றலின் குறை என்ன என்று கேட்பீர்களானால், அட்டையும் சான்றும் அச்சாகியே வந்தன. எதைச் சான்றாகக் கொள்வது என்ற தீர்மானம் ஆசிரியைக்கு இல்லை என்பதே என் அபிப்பிராயம். அதற்குப் பின் வந்த திட்டங்களில் இந்தக் குறை வளர்ந்துதான் இருக்கிறது. கற்றல் விளைவு இப்போது ஒரு குறியீட்டு எண்ணாகி, பாடக் குறிப்பின் ஒரு கட்டத்தில் எழுதப்படுகிறது. பின்னர் கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றப்படுகிறது. சரிபார்க்க வருகிறவர் எண் இருக்கிறதா என்று பார்க்கிறார். எண் இருக்கிறது. ஒஹாயோவில் டைலர் செய்த காரியத்தின் சிறப்பு, விலங்கியல் ஆசிரியர்களுக்கு நோக்கங்களைத் தாமே எழுதிக் கொடுக்காமல், அவர்களையே கேட்டு அவர்களைக்கொண்டே வினாக்களை அமைக்கச் செய்ததில் இருக்கிறது. மேலிருந்து நிரப்பி அனுப்பிய படிவம் எவ்வளவு சிறந்ததாயினும், அதைப் பெறுகிறவர் போர்ஷனைப்போல அதையும் முடித்துவிடுவார்.

ஆகையால் எனது வேண்டுகோள்கள் பெரியவை அல்ல. இங்கே வந்திருக்கும் தலைமையாசிரியர்களும் வட்டாரக் கல்வி அலுவலர்களும் அடுத்த முறை ஒரு வகுப்பைப் பார்வையிடும்போது பாடக் குறிப்பேட்டை முதலில் கேளாதிருப்பீர்களாக. அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் தாமே எழுதிய சான்று வினா ஒன்றைக் கேளுங்கள். அதற்குப் பிள்ளைகள் எழுதிய விடைகளில் ஐந்தைக் கேளுங்கள். அவற்றில் இரண்டேனும் தவறான விடைகளாக இருக்கட்டும் என்று சொல்லுங்கள். அந்தத் தவறு ஏன் வந்தது என்று ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுங்கள். அதற்கு வேண்டிய நேரம், குறிப்பேட்டில் நாலைந்து கட்டங்களை அடித்துவிட்டால் கிடைத்துவிடும். பயிற்சி மாணவர்களுக்குச் சொல்வது இன்னும் எளியது: உங்கள் ரெக்கார்டில் எழுதவேண்டிய பாடங்களில் ஐந்தையாவது மூத்தவரின் ரெக்கார்டைத் திறக்காமல், சான்று வினாவை முதல் வரியாக எழுதித் தொடங்குங்கள், மேற்பார்வையாளர் ஏன் என்று கேட்டால், அந்த வினாவையே அவரிடம் காட்டுங்கள்.